பம்பு நின்ற பிறகும் ஓடிய ரத்தம்

6 நவம்பர் 2000, திங்கள்
இன்று பம்பைப் போட மறந்துவிட்டேன். ஆனாலும் திரையில் ரத்தம் ஓடியது.

சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. எங்கள் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் செய்வது, ரத்தக்குழாய்க்குள் விடும் மெல்லிய கதீட்டர். அதற்குள் சுழலும் கண்ணாடி இழை ஒளியைப் பாய்ச்சும். ஓடும் ரத்தத்தில் பட்ட ஒளி சற்று மாறித் திரும்பும். அந்த இடம் திரையில் சிவப்பாகும். இன்று பம்பு ரத்தத்தைத் தள்ளாமல், ஓட்டமே இல்லாத சோதனைக் குழாய் முழுக்கச் சிவப்பு! இழை சுழலும்போது நடுங்குகிறது. அந்த நடுக்கத்தையா இத்தனை நாள் ரத்த ஓட்டம் என்று கொண்டாடினோம்? கடவுளே.

7 நவம்பர்
என் மேலதிகாரி மம்தா மேடத்திடம் சொல்லிவிட்டேன். "அந்தப் படத்தைப் போட்டுத்தானே ரிப்போர்ட் அனுப்பியிருக்கோம், ஞானம்? இருபத்துநாலாம் தேதி டாக்டருங்க வர்றாங்க. பம்பை நிறுத்தாமலே காட்டிடலாம்" என்றார்.

அடைத்துப்போன கால் ரத்தக்குழாயில் ஓட்டம் இருக்கிறது என்று இது காட்டி, டாக்டரும் நம்பிவிட்டால்? யாருக்கோ கால் போய்விடும்.

"சரி பண்ணிட்டுத்தான் காட்டுவேன், மேடம்."

10 நவம்பர்
கதீட்டரின் வெளியுறை சுழலாது. அங்கே தெரியும் அசைவெல்லாம் பொய்தானே? காலையில் ஒருமுறை அதை அளந்து, படம் முழுவதிலும் கழித்தேன். ஒரு பக்கம் தெளிந்தது, மறுபக்கம் அப்படியே சிவப்பு. வீடு திரும்பும் ரயிலில் பங்காருபேட்டை வரை அந்தப் படத்தையே மனத்தில் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

12 நவம்பர், ஞாயிறு
எங்கள் ஊர் கோரமண்டலில், கிருஷ்ணப்பா மளிகைக் கடையில் சண்டை. எண்ணெய் நிறுக்கும்போது பாத்திரத்தின் எடைக்கு ஈடாக, படிக்கல் தட்டில் ஒரு கருங்கல்லை வைக்கிறார். யார் எந்தப் பாத்திரம் கொண்டுவந்தாலும் அதே கல்!

"இன்னாங்க இது? என் தூக்கு எவ்ளோ கனம்! ஒவ்வொண்ணையும் தனியா நிறுத்துக் கழிக்க வேணாமா?"

"எங்கப்பா காலத்துலேர்ந்து இதான் கல்லு. போம்மா."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் மட்டும் என்ன செய்தேனாம்? காலையில் அளந்த ஒரே நடுக்கத்தைப் படம் முழுவதற்கும் கழிக்கவில்லையா? இழை ஒவ்வொரு நொடியும் வேறு மாதிரி நடுங்குகிறது. அது சுழன்று வரையும் படத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் உறையைத் தனியாக அளக்க வேண்டும். மடச்சி!

தூக்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். "இன்னாமே, எண்ணெய்க்குப் போயி கடைக்காரனையும் அடிச்சிட்டு வந்தியா?" என்று என் வீட்டுக்காரர் மாணிக்கராஜ் சிரித்தார்.

16 நவம்பர்
கோட்டுக்குக் கோடு உறையை அளந்து கழித்துவிட்டு, பம்பை அணைத்தேன், கறுப்பு. போட்டேன், சிவப்பு. மறுபடி அணைத்தேன், கறுப்பு! தனியாக உட்கார்ந்து அழுதேன்.

24 நவம்பர்
பார்க்க வந்தவர்களில் டாக்டர் பர்னபாஸ் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பம்பின் பக்கத்திலேயே நின்றார். காட்டிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. பம்பு ஓடும் சத்தம் எல்லாருக்கும் கேட்கிறது. மேடம் என்னை முறைத்தார். ஒயர் ஏதாவது கழன்றுவிட்டதா?

படத்தை உற்றுப் பார்த்தேன். குழாயின் சுவர் தெளிவாகத்தான் இருந்தது. ஒயர் கழன்றிருந்தால் அதுவும் தெரியாதே; சிவப்பு மட்டும்தான் இல்லை.

"ஓட்டம் இல்ல, டாக்டர்."

"பம்பு ஓடுதேம்மா?"

"ஓடட்டும். குழாய்ல ஓட்டம் இல்ல."

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னே கொண்டுவந்தார். பம்பிலிருந்து வரும் ரப்பர் குழாயை அழுத்திப் பிடித்திருந்திருக்கிறார், மனுஷன்! திரை மறுபடி சிவந்தது.

எல்லாரும் போனபின் மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரிப்போர்ட்ல போட்ட பழைய படம் தப்புன்னு ஒரு லெட்டர் எழுது, ஞானம். நான்தான் கையெழுத்துப் போடணும்."

நாளைக்கு கிருஷ்ணப்பா கடைக்குப் போக வேண்டும். நன்றி சொல்வேன். ஆனால் அந்தக் கல் தப்புதான். அதையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.