கோபுரப் படத்தின் வலது மூலை

தலவாக்கலை,
புதன்கிழமை.

அன்புள்ள பிரியந்தி அக்காவுக்கு,

தம்பி கஜேந்திரன் எழுதுவது. குரல் பதிவு மூன்று தரம் போட்டு மூன்று தரமும் அழித்துவிட்டேன். அதனால்தான் தாளில் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில், நீ குவைத்திலிருந்து டிக்கெட் போடாதே. அம்மா பயப்படுவது போல எதுவும் நடக்கவில்லை. உன் மேல் எந்தச் சாமிக்கும் கோபமில்லை.

நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தொங்கும் தஞ்சாவூர்க் கோபுரப் படம் உனக்குத் தெரியும். அது நூற்று அறுபது வருடத்துக்கும் மேல் பழைய போட்டோ. ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை பங்களாவைக் காலி செய்தபோது விட்டுப் போனதாம். நம் ஆட்கள் பூர்வீக ஊர்க் கோபுரம் என்று கண்டதும் சட்டம் போட்டுக் கும்பிடத் தொடங்கிவிட்டார்கள். இந்தியக் கோயில்களை முதன்முதலில் எடுத்த இந்த மாதிரிப் படங்களை லண்டனில் ஏலம் விடுகிறார்கள். இதைவிடச் சின்னப் படம் ஒன்று, அம்மா பத்து வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தாலும் சேராத விலைக்குப் போயிருந்தது.

கோயில் கூரை வேலைக்காகப் படங்களைக் கழற்றியபோது, சட்டம் செல்லரித்திருக்கிறது, சரி செய்து தருகிறேன் என்று கோயில் தலைவர் நல்லமுத்து அண்ணனிடம் கேட்டேன். “படிச்ச புள்ள, பாத்துச் செய்யி தம்பி” என்று கையில் கொடுத்தார். நான் வேலை செய்யும் இம்தியாஸ் நானாவின் கலர் லேபில் அதை ஸ்கேன் பண்ணி, அதே அளவில் அச்சடித்து, பழைய சட்டத்திலேயே பூட்டிவிட்டேன். அசல் லண்டனுக்குப் போய்விட்டது. குடும்பச் சொத்து என்று கையெழுத்தும் போட்டேன்.

உன்னை வீட்டுக்குக் கூட்டி வரத்தான் செய்தேன் என்று எழுதப் பார்த்தேன். பொய். எனக்குச் சொந்தமாக ஒரு லேப் வேண்டும். அவ்வளவுதான்.

யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஸ்கேனில் கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. வலது கீழ் மூலையில் சிவப்பாக ஒன்று இருந்தது. பூஞ்சணப் புள்ளிகளோடு அதையும் துடைத்தேன். இரண்டு நிமிட வேலை.

கோயில் திறந்த முதல் வெள்ளி, அம்மா விளக்குப் போடப் போனவள் திரும்பி ஓடி வந்தாள். “புள்ள வச்ச பொட்டக் காணோம்டா, குவைத்துல அவளுக்கு என்னமோ ஆகிப்போச்சு” என்று கதறினாள். நீ பிளேன் ஏறுவதற்கு முதல் நாள், கண்ணாடி உடைந்த அந்த மூலையில் குங்குமம் தொட்ட பெருவிரலை வைத்து அழுத்தினாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு வருடமாக அம்மா வெள்ளிக்கு வெள்ளி அந்த விரலைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். மழையிலும் காலில் செருப்பில்லை. நீ நன்றாக இருக்கிறேன் என்றால், மறைக்கிறாள் என்கிறாள். ஒப்பந்தத்தை முறித்துவிட்டு வா என்று அவள் உன்னிடம் அழுதபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மூட நம்பிக்கை என்று அவளையே அதட்டினேன், அக்கா.

ஏலப் பட்டியலில் படத்தின் குறைகளை எழுதியிருக்கிறார்கள்: வலது கீழ் மூலையில் சிவப்புக் கறை, விரல் அடையாளம் போன்றது, சுத்தம் செய்யப்படவில்லை. நீ யாரென்றே தெரியாதவர்கள் உன் விரலை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அழித்தவன் நான்.

படம் என்னுடையது இல்லை, கோயிலுடையது என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன். ஏலத்திலிருந்து எடுக்கும் கட்டணத்துக்கு பைக்கை விற்றேன். மூன்று வாரத்தில் படம் திரும்பி வருமென்று நேற்றுப் பதில் வந்தது.

நல்லமுத்து அண்ணன் இந்த வெள்ளிக்குப் பரிகாரப் பூசை வைத்திருக்கிறார். அது தொடங்குமுன் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். அம்மா நம்பமாட்டாள். அவளைத் தேற்றக் கதை விடுகிறேன் என்பாள். அந்த நேரம் நீ வீடியோவில் வர வேண்டும். எதுவும் பேச வேண்டாம். குங்குமம் தொட்ட அந்தப் பெருவிரலை அம்மாவுக்குக் காட்டு, போதும். போனை அவள் பக்கமே திருப்பிப் பிடிக்கிறேன். என் முகத்தை நீ பார்க்க வேண்டியிருக்காது.

அந்த விரலுக்கு ஒரு குறையும் வராமல் சுகமாக இரு.

உன் தம்பி,
கஜேந்திரன்