அண்டாவில் உன் பெயர்

அண்டா இன்று மதியம் கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. முதலில் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில், அப்புறம் கோர்ட்டு அறையில் என்று மூன்று வருடம் கிடந்துவிட்டு வந்திருக்கிறது. உள்ளே தலையை விட்டுப் பார்த்தேன். சாம்பார் வாசனை போய் எலிப்புழுக்கை வாசனை அடிக்கிறது. வெளியே நான் சிவப்புப் பெயின்டில் எழுதிய கடைப்பெயர் அப்படியே இருக்கிறது. வளையத்தில் சணல் கட்டி ஒரு அட்டை தொங்குகிறது. அதில் வழக்கு எண், கீழே உன் பெயர், பக்கத்தில் ‘முதல் எதிரி’. குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். ஊருக்கெல்லாம் சோறு போட்டுவிட்டு எதிரி என்று பேர் வாங்கியவள் இந்த ஜில்லாவில் நீ ஒருத்திதான்.

பாலாற்றில் மணல் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி, ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து ஆந்திர எல்லை வரைக்கும் நடப்பது என்று நீங்கள் பத்துப் பேர் கூடி முடிவு செய்தீர்கள். மறுநாளே உன் ஷேர் ஆட்டோவை என் பாத்திர வாடகைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய்.

“ஏ பாத்திரக்காரி, இருநூறு பேரு நடக்கப்போறோம். அல்லாரும் கோஷம் எழுதிக்கினு இருக்கிறாங்கோ. எங்க துன்னுவாங்க, எங்க தூங்குவாங்க, பொம்பளைங்க எங்க ஒதுங்குவாங்கன்னு ஒருத்தனும் யோசிக்கல. நீ வா.”

“எனக்கு அரசியல்லாம் தெரியாதும்மா.”

“சோறு தெரியுமில்ல?”

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், என் வாயை அடைக்க உனக்கு ஒரு வார்த்தை போதும்.

நாள் குறித்தது நான். ஆடி என்றேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை. கல்யாண மண்டபமெல்லாம் சும்மா கிடக்கும், கேட்டால் ஒரு ராத்திரி படுக்க விடுவார்கள். என் அண்டா, அன்னக்கூடை, ஜமுக்காளம் எல்லாம் அலமாரியில் தூங்கும். என்ன மூளை உனக்கு என்று எல்லோர் எதிரிலும் என்னை மெச்சினாய். நானும் தலை கனத்துப் போய்த் திரிந்தேன். ஆடி ஞாயிறு என்றால் ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கூழுக்கு ஊர்ப்பொது அண்டா இருக்கிறது, என் கடைக்கு யாரும் வரமாட்டார்கள். என்னிடம் ஆள் வராத மாதத்தில் உலகத்தில் ஒன்றுமே நடக்காது என்று நினைத்துவிட்டேன்.

நடை தொடங்கிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல சாமான் ஏற்றிய டெம்போவில் உங்களுக்கு முன்னால் போனேன். வாலாஜாபாத் தாண்டி, அனுமதி வாங்கிய சாலையில் பம்பைச் சத்தம். கரகம் வருகிறது, பின்னால் ஊரே வருகிறது. உனக்குப் போன் போட்டேன், போகவில்லை. நீங்கள் வளைவுக்கு வந்துவிட்டீர்கள். உங்களை அரை மணி நேரம் புளியமர நிழலில் உட்காரவைத்திருந்தால் ஊர்வலம் கடந்து போயிருக்கும். ஆனால் ஊர்வலத்துக்கு அந்தப் பக்கம், மதியம் தங்குகிற இடத்தில் சோறு வடித்தாகிவிட்டது. சோறு ஆறிவிடுமே என்றுதான் எனக்கு ஓடியது. சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று, முன்னால் வந்தவர்களை இடது பக்கம் கையைக் காட்டித் திருப்பிவிட்டேன். வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்த உனக்கு அது தெரியக்கூட இல்லை. நீ சொல்லியனுப்பித்தான் திருப்புகிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அது மணல் லாரி போகிற ரோடு. எதிரே நான்கு லாரி. வாய்ச்சண்டை, தள்ளுமுள்ளு, ஒரு பெரியவர் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. போலீஸ் வந்தது. எல்லை வரைக்கும் போகவேண்டிய நடை அங்கேயே முடிந்தது.

“ரூட்ட மாத்துனது யாரு?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு நீ முன்னால் வந்து நின்றாய்.

“நான்தான் சார். இந்தம்மா பாத்திரக்காரங்க. வாடகைக்கு வந்தவங்க.”

டெம்போவிலிருந்து போலீஸ் எடுத்துப்போன அண்டாவில் என் கடைப்பெயர் இருந்ததால் நானும் இரண்டாம் எதிரி ஆனேன். இல்லையென்றால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாய்.

அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. நடுவில் உனக்கு உடம்புக்கு வந்து, நோய் முற்றியது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாத்தையும் என் தலையில போட்டுடு. செத்தவள எவன் ஜெயில்ல போடுவான்?” என்று சிரித்தாய். வாயை மூடு என்று திட்டினேன். அன்று எனக்கு வந்த கோபம் உண்மையான கோபம்தான். அதை மட்டும் நம்பு.

நீ போன பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. பிரசவத்துக்கு நான் போகவேண்டும், அவளுக்கு வேறு ஆள் இல்லை. கேஸ் இருப்பதால் பாஸ்போர்ட் நின்றுபோனது. வக்கீல் ஃபைலை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, இருக்கிறவங்களுக்கு வழியப் பாருங்க. ஒரு வரி சொன்னா போதும்.” இரண்டு மாதம் அந்த ஒரு வரியைச் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால் மகள் பிரசவ அறையில் தனியாகக் கிடப்பாள். பொய்யைச் சொன்னால் நீ. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கோர்ட்டில் சொல்லிவிட்டேன். “நான் பாத்திரக்காரி. வாடகைக்குப் போனவ. வழி மாத்துனது அவங்கதான்.” என்னைக் காப்பாற்ற நீ சொன்ன அதே வார்த்தைகளை வைத்துத்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தேன். போன மாதம் விடுதலை, போன வாரம் பாஸ்போர்ட். வெளியே வந்த பிறகுதான் சரியாக மாட்டிக்கொண்டேன். வாய்தா இருந்தவரைக்கும் உண்மையைச் சொல்ல அடுத்த தேதி என்று ஒன்று இருந்தது.

இன்று கோர்ட்டிலிருந்து அண்டாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தது உன் மகள். உன் வண்டியை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். ரயில்வே கேட்டில் நின்றபோது கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“பெரிம்மா, ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. அந்த லாரி ரோட்டுல அத்தினி பேரையும் இட்டுக்கினு போனது எங்கம்மாதானா? ஆட்டோ ஸ்டாண்டுல இன்னும் சொல்லிக் காட்டுறாங்க. முசரவாக்கத்துல மாமா கூட அதையே சொல்றாரு. எங்கம்மா அப்படி அவசரப்படுற ஆளே இல்லியே.”

“கேட்டு தொறந்துட்டான், பாத்து ஓட்டும்மா” என்றேன்.

கடையில் அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, பெயின்ட் உரியாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். உன்னை மாதிரியே அவளுக்கும் அடுத்தவர் சாமானைப் பத்திரமாகப் பார்க்கத் தெரிகிறது. எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அட்டையை இன்னும் அவிழ்க்கவில்லை. பேனா எடுத்து உன் பெயரை அடித்துவிட்டு, கீழே என் பெயரை எழுதினேன். வெறும் அட்டைதான், கோர்ட்டில் இது செல்லாது என்று எனக்கும் தெரியும்.

வியாழக்கிழமை விமானம். மீனம்பாக்கம் வரைக்கும் அவள் வண்டியிலேயே போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். வழியில் ஓரம் கட்டச் சொல்லி இந்த மடலையும் அட்டையையும் அவள் கையில் கொடுப்பேன். கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போவாளோ, ஸ்டாண்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவாளோ, அது அவள் இஷ்டம். அவள் படித்து முடித்து, திரும்பி என் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன்.