ஒரே உயரத்தில் மூன்று புள்ளிகள்

இன்று காலை அலுவலகத்தில் மின்சாரம் நின்றது. ஜெனரேற்றர் இயங்கத் தொடங்கியதும் புகை மணம் அறைக்குள் வந்தது. உடனே உம்முடைய நினைவு வந்துவிட்டது. இப்போது ஓடுவது டீசலில். அந்த நாளில் எங்களுடையது மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடியது. நீர் கண்ணை மூடி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உமக்கு எழுத வேண்டும் என்று நினைப்பதும் களைப்பில் தள்ளிப் போடுவதுமாகவே நாட்கள் போயின.

என் முன்னால் திரையில் வலிகாமத்து நிலத்தடித் தண்ணீரின் கணினி மாதிரியுரு திறந்திருந்தது. இப்போதெல்லாம் வெட்டுமுகக் கோடு பார்ப்பது மிகச் சுலபம். வரைபடத்தில் இங்கே ஒருமுறை அழுத்தி, அங்கே ஒருமுறை அழுத்தினால் போதும். அந்தக் கோடு போகும் வழியெல்லாம் நிலத்துக்குக் கீழே எவ்வளவு உப்பு என்று பக்கத்திலேயே ஒரு வளைகோடு விழும். தேநீர் ஆறுவதற்குள் வேண்டியமட்டும் கீறிப் பார்க்கலாம். ஒரே ஒரு கோட்டுக்கு நாங்கள் பட்ட பாட்டை இனி யாரிடம் சொல்வது? சொல்லத் தொடங்கினால் எனக்கே அலுத்துவிடுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சுன்னாகத்து மின்நிலையம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. குடிதண்ணீர் விநியோக அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பெண் பொறியியலாளர்கள், ஒரே தரம், ஒரே சம்பளம், ஒரே மேசை. தீவுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிறைந்திருந்தது. அங்கிருந்த கிணறுகள் அத்தனை பேருக்கும் காணாது. மருதனார்மடத்துக்குத் தென்மேற்கே தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பெரிய கிணற்றில் பம்ப் பூட்டி, பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுபோகலாம் என்று மேலதிகாரி தீர்மானித்தார். அங்கே இறைத்தால் கடல்நீரேரியின் உப்பு உள்ளே ஏறி வெங்காயத் தோட்டக் கிணறுகளைக் கெடுத்துவிடுமா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை.

சுன்னாகத்திலிருந்து நீரேரிக் கரை வரைக்கும் வரைபடத்தில் ஒரு கோடு போட்டோம். கணினி நிலத்தைச் சதுரப் பெட்டிகளாகப் பிரித்து, பெட்டிக்கு ஒன்றாக வெறும் உப்பு எண்களைத் தந்தது. அச்சிடும் ரிபன் காய்ந்துபோயிருந்ததால் நான் திரையைப் பார்த்து எண்களை வாசிப்பேன், நீர் எழுதுவீர். எங்கள் கோடு பெட்டிகளைச் சாய்வாக வெட்டிப் போனதால், ஒவ்வொரு புள்ளிக்கும் அயற்பெட்டிகளின் எண்களைக் கலந்து கணக்குப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் முடிவதற்குள் வாசித்துவிட வேண்டுமே என்று நான் அவசரப்படுத்துவேன். நீர் என்றைக்காவது அவசரப்பட்டீரா? அதற்காகவே உம்மோடு எத்தனை நாள் கோபித்திருக்கிறேன்.

கணினியின் வளைகோட்டைப் பென்சிலில் கீறினோம். கோட்டின் வழியே உள்ள வீடுகளில் வாங்கிவந்த தண்ணீரை அளந்து, அதைச் சிவப்புப் புள்ளிகளாக வைத்தோம். நீரேரியை நெருங்க நெருங்க, உப்புக் கூடுகிறது என்று பென்சில் கோடு மேலே ஏறியது. சிவப்புப் புள்ளிகளோ அசையாமல் கீழேயே கிடந்தன. உப்பு இல்லையென்றால் பம்பைப் பூட்டலாமே என்று மேலதிகாரிக்குச் சந்தோஷம். அளந்தது சரி, கணினிதான் பிழை, அதைத் திருத்தி அளந்ததோடு பொருத்திவிட்டு அறிக்கையைத் தாருங்கள் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

நீர்தான் அந்தத் தாளை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தீர். கரையோரத்து மூன்று புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருந்தன. கொஞ்சமும் கூடக் குறைய இல்லை.

"உதைப் பாரும். இது மூண்டும் ஒரே கிணத்துத் தண்ணி," என்றீர்.

வேறு வேறு வீட்டில் வாங்கினோமே என்றேன்.

"வாங்கினது வேறை வேறை வீட்டிலைதான். எங்கடை சனம் வாசலிலை வந்து தண்ணி கேட்டவைக்கு உப்புத் தண்ணி குடுக்குமே? கோயில் கிணத்திலை அள்ளி வைச்ச நல்ல தண்ணியை எல்லோ தந்திருக்குதுகள்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு வீட்டுக்காரி செம்பைக் கழுவி, குசினிக்குள் இருந்த குடத்திலிருந்து வார்த்துத் தந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெயிலில் சைக்கிளில் வந்த பிள்ளைகள் என்று தேசிக்காய் பிழிந்து தராத குறைதான். தன் வீட்டுக் கிணறு உவர் என்று வாய்திறந்து சொல்ல எந்த வீட்டுக்காரிக்கு மனம் வரும்?

அறிக்கையில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று நீர் மேலதிகாரியிடம் சொன்னீர். கிணறு கிணறாகப் போய் நாங்களே வாளி விட்டு அள்ள வேண்டும், கொஞ்ச நாள் தாருங்கள் என்று கேட்டீர். அங்கே சனம் தண்ணீருக்கு அடிபடுகிறது, உங்களுக்குக் கோடு முக்கியமா என்று அவர் கத்தினார். அவரையும் பிழை சொல்ல முடியாது. மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, வரிசையில் வெறும் வாளியோடு நின்ற ஒரு தாய் உம்மைப் பிடித்துக்கொண்டா. அலுவலகத்திலிருந்து யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்கள் கோடு கீறி முடிச்சு எங்களுக்கு எப்ப பிள்ளை தண்ணி?"

திரும்பி வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் நடந்தீர்.

"அவ கேட்டது சரிதான். எண்டாலும் பொய்க்கோட்டுக்குக் கையெழுத்து வைக்க என்னாலை ஏலாது," என்றீர். முகம் நனைந்திருந்தது.

நாங்களே அள்ளினோம். கயிறு உரசிக் கை கொப்புளித்தது. இந்த முறை சிவப்புப் புள்ளிகள் பென்சில் கோட்டையும் தாண்டி மேலே போயின. உப்பு ஏற்கெனவே தோட்டங்களின் வேலிவரை வந்து நின்றது. பம்பைச் சுன்னாகம் பக்கமாகத் தள்ளிப் பூட்டினார்கள். பவுசருக்குத் தூரம் கூடியது, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் பிந்தியது. அந்த நாட்களில் அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டபோது நீர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே மூடி வைத்தீர். பிந்தியதால்தான் வந்ததா, பிந்தாவிட்டாலும் வந்திருக்குமா என்று எந்தக் கணினியும் சொல்லாது. பிறகு தொண்ணூற்றைந்து இடப்பெயர்வு வந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம். திரும்பி வந்தபின் நீர் அந்த வேலைக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

உம்முடைய எட்டுச்செலவுக்கு, அந்த எட்டாம் நாள் படையலுக்கு, வந்துவிட்டுத் திரும்பும்போது, என்ன நினைத்தேனோ, அந்தத் தோட்டப் பாதையால் போனேன். ஒரு பெண் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிவிட்டுக்கொண்டு நின்றா. முன்பின் தெரியாதவ. அவவின் கிணற்றில் நானே அள்ளிக் குடிக்கலாமா என்று கேட்டேன். ஓம், அள்ளுங்கோ என்றா. நல்ல தண்ணீர். இங்கே ஒருகாலமும் உவர்க்கவில்லையா என்று கேட்டேன்.

"இல்லையம்மா. இது துவக்கத்திலையிருந்து நல்ல தண்ணிதான். எங்கடை நிலம் அப்பிடி."

பம்பைத் தள்ளிப் பூட்டவைத்த உம்முடைய பெயர் வாய் வரைக்கும் வந்தது. சொல்லி என்ன? கெடாத கிணற்றுக்கு என்ன கதை இருக்கிறது? ஓம் பிள்ளை, நல்ல நிலம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பெயர் என்னிடமே கிடக்கிறது. களைத்துப்போன எனக்கு அது பாரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இறக்கி வைக்க மனமில்லை.