லேயாவுக்கு நான் சொன்ன அர்த்தம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஞாயிறு பள்ளி டீச்சர்னு குப்பத்துல எல்லாரும் பைபிள் பேருக்கு என்கிட்டதான் வருவாங்க. தெரியலைனு ஒருத்தருக்கும் சொன்னதில்ல. அந்தத் திமிர்.

"வெளிச்சம்னு அர்த்தம் வர்ற பேரா குடு டீச்சர்"னு பதினெட்டு வருஷம் முன்னாடி செல்வி கைக்குழந்தையோட வந்து கேட்டா. புத்தகத்தைப் புரட்டாமலே லேயான்னு சொல்லிட்டேன்.

இன்னிக்குக் கருவாடு காயவைக்கிற இடத்துல, பொம்பளைங்க எல்லாரும் இருக்கும்போது செல்வி பிடிச்சுக்கிட்டா. பக்கத்துல அவ பொண்ணு லேயா. "லேயான்னா சோர்ந்துபோனவளாம். இவ சிநேகிதி போன்ல பாத்தாளாம். இன்னா டீச்சர் இது?" நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவளே சிரிச்சா. "போனுக்கு இன்னா தெரியும்? நீ சொன்னா தப்பா இருக்காது."

நான் தலையாட்டினேன். அத்தனை பேர் முன்னாடி ஆமாம்னு ஆட்டினேன்.

லேயா தெருமுனை வரைக்கும் கூடவே வந்தா. "எனக்கு எப்பவோ தெரியும் டீச்சர். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நைனா செத்ததுலேர்ந்து அம்மா என்னை வெளிச்சம்னு நினைச்சுத்தான் கூப்பிடுது."

சரின்னேன். மன்னிச்சுக்கோன்னு சொல்ல வாய் வரல. என் பொய்யை இனி அந்தப் பொண்ணும் சேர்ந்து காப்பாத்தணும்.