பாதியில் நின்ற நாட்களின் சராசரி

சித்திரை, செவ்வாய்க்கிழமை

பட்டாசு ஆபீஸ்ல மருந்து கலக்குற ரூமோட சூட்டை நிமிஷத்துக்கு ஒரு தடவை மிஷின் பதியுது. பத்து நாள் பதிவைச் சேர்த்துச் சராசரி எடுக்கிற புரோகிராம் நான் எழுதினது. சில நாள் பதிவு பாதியிலேயே நின்னிருந்தது. கரண்ட் போயிருக்கும்னு நினைச்சு, மிச்ச இடத்தையெல்லாம் ஜீரோ போட்டு நிரப்பித் தொலைச்சேன். மத்தியானச் சூடு குறைச்சலா வந்துச்சு. போர்மேன் பார்த்துட்டு, "இம்புட்டுதானா? நாளையிலருந்து மூணு மணி வரைக்கும் மருந்து கலக்கட்டும்"னாரு.

அந்த ரூம்லதான் அம்மாவுக்கு வேலை. ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன், ஏம்மா பாதியில நிக்குதுன்னு. "சூடு ஏறுச்சுன்னா மருந்து பத்திக்கிரும்னு மெயின் சுவிட்சை அமத்திட்டு எல்லாரும் வெளிய வந்துருவோம்ல" என்றாள்.

அப்ப நின்னதெல்லாம் கொதிச்ச நாள். ஜீரோவை எடுத்தாலும் மத்தியானத்துக்கு மிஞ்சுறது குளுந்த நாள் மட்டும்தான். கொதிச்ச நாளோட மத்தியானச் சூடு என்னன்னு யாருக்குமே தெரியாது. பாவி, நான் என்ன செய்ய?

போர்மேன் போனை எடுக்கலை. நாளைக்குப் போகாதம்மா, என் கணக்கு தப்புன்னு அழுதேன். அம்மா நாளைக்கு மத்தியானச் சோத்துக்குப் பெரிய தூக்குவாளியைக் கழுவிக் கவுத்தாள்.

"பயந்தவளுகளையெல்லாம் நான்தானே வரச் சொல்லிருக்கேன். எம்மக போட்ட கணக்கு, தப்பாதுன்னு."