இறங்கிய பிறகு படிக்க

ராஜபாளையம்,
20.4.1991

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ பனிமலைக் காவலிலிருந்து இறங்கிய பிறகே இதைக் கொடுக்கும்படி அடிவார முகாமுக்கு எழுதியிருக்கிறேன். முதலில் உட்கார்ந்துகொள்.

அப்பா தை மாதம் எட்டாம் தேதி போய்விட்டார். கொள்ளி வைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சித்தப்பா. அதன் பிறகு நீ எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் 'அப்பா சுகம்' என்று பதில் போட்டவள் நான்தான்.

தந்தி கொடுக்க விடாமல் நான் தடுத்தபோது, "ஏட்டி, பெத்த மகனுக்குச் சொல்லாண்டாமா? காலேஜ்ல இதத்தான் படிச்சியா?" என்று சித்தப்பா கத்தினார்.

அப்பா ராணுவ சப்ளையில் கேப்டனாக இருந்தபோது, மேலே போகும் மாவு, மண்ணெண்ணெய், கடிதப் பை எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகுமாம். ஒரு பனிக்காலத்தில், தாய் இறந்த செய்தியோடு வந்த ஒரு சிப்பாயின் கடிதத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். படித்தால் தனியாக இறங்கிவிடுவான் என்ற பயம். ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"பனி விடுற வரைக்கும் ஒங்கண்ணனுக்குச் சொல்லாத தாயி. பொறவு ஒன்னைய ஏசுவான். அந்தச் சிப்பாயும் என் சட்டையைப் பிடிச்சு ஏசினான். உசுரோட நின்னு ஏசினான்."

நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. நீ வந்து ஏசு, அண்ணா.

உன் தங்கை