ஓ பாசிட்டிவ் என்று எழுதியவன்

நேற்று காலை ஏழு மணிக்கு உன் வீட்டுப் படி ஏறும்போதே மீன் வறுக்கும் வாசம் மூக்கைத் துளைத்தது. ஆடி வெள்ளிக்கிழமை! உன் வீட்டில்! நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறதே, பிள்ளையைச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாமென்றுதான் மந்தைவெளிப் பக்கம் வந்தேன்.

“இன்னாம்மா இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா?” என்றேன். உன் பெண் ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டினாள். நீ ஒட்டிவைத்த அதே தாள். ஓ வகை ரத்தத்துக்கு ஆகும், ஆகாது என்று இரண்டு பத்தி. “லிஸ்ட்ல மீன் போட்டுகீது மாமா. எனக்கும் சுகர் வந்துடுச்சு. டாக்டர் மாத்திரை குடுத்தாரு, நான் போடல. அப்பாவுக்கு ஓ. எனக்கும் அதான இருக்கும்?”

அவள் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் அந்தத் தாளையே பார்த்தேன்.

நீ லைசென்ஸ் எடுக்க வந்த நாள் ஞாபகமிருக்கிறதா? ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் யாருடைய ஸ்கூட்டர் சீட்டோ அதுதான் அன்றைக்கு என் மேசை. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே வந்து ரத்த வகை என்ற கட்டத்தில் நின்றேன். “உன் ரத்தம் இன்னா?” என்றேன். “சிவப்பு” என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். தெரியாதவர்களுக்கெல்லாம் ஓ பாசிட்டிவ் போட்டுவிடுவது வாசலில் விண்ணப்பம் எழுதிக்கொடுக்கிற எங்கள் எல்லோருக்கும் வழக்கம். எவனும் கேட்கமாட்டான். உனக்கும் போட்டேன். அன்றிலிருந்து நான் உனக்கு ‘ரைட்டரு’.

ஆட்டோ ஓட்டி ஓட்டி உனக்குச் சர்க்கரை வந்தது. ஊரே உன்னைச் சப்பாத்தி தின்னச் சொன்னது, நீ அதை வெறுத்தாய். அப்புறம் தி. நகரில் எவனோ ஒரு உணவு ஆலோசகன், முதலில் ரத்த வகையைச் சொல்லுங்கள் என்றானாம். நீ லைசென்ஸை எடுத்து நீட்டியிருக்கிறாய். தாளோடு நேராக என்னிடம் ஓடிவந்தாய். “பாத்தியா ரைட்டரு! என் ரத்தத்துக்கு கோதுமையே ஆவாதாம்! கறியும் மீனும் துன்னா போதுமாம்!” உன் முகத்தில் அப்படி ஒரு வெற்றி. மாத்திரைப் பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அப்போது சொல்லியிருக்கலாம். ‘யோவ், அது நான் சும்மா போட்டது’ என்று ஒரு வார்த்தை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பாய். ஆனால் உன் முன்னால் முட்டாளாக எனக்கு மனசு வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பாவி நான்.

காலில் ஆணி ஏறி, புண் ஆறாமல், ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்கவைத்தபோது காலை எடுக்க வேண்டும் என்றார்கள். உன் பெண் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி நர்ஸ் என் கையில் சீட்டைக் கொடுத்தார். அதில் உன் ரத்தம் பி பாசிட்டிவ். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். நீ படுத்தபடியே, “ஓ ரத்தம் கெடச்சிச்சா ரைட்டரு?” என்றாய். “கெடச்சிச்சு, நீ தூங்கு” என்றேன். நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அந்தப் பொய்தான்.

நீ போன பிறகு அங்கிருந்த டாக்டரம்மாவை விடாமல் நச்சரித்தேன். ரத்த வகை தப்பானதால்தான் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா என்று. “சில நோய்க்கும் ரத்த வகைக்கும் லேசா சம்பந்தம் இருக்கலாம்னு சொல்றாங்க. ஆனா வகை பாத்துச் சாப்பிட்டா சுகர் போயிடும்னு யாரும் நிரூபிக்கலை. ஓவோ பியோ, அந்த லிஸ்ட் உதவாது. மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?” என்றார். யாரும் சொல்லவில்லை. நிறுத்தாதே என்று சொல்லக்கூடிய ஒருத்தன் வாயை மூடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

நேற்று காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து தெருமுனைவரை போனேன். பஸ் ஒன்று வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது. நீ பக்கத்தில் நின்று “இன்னா, ஓடிகினு இருக்கியா?” என்று கேட்பதுபோல இருந்தது. திரும்பி வந்து, உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் உன் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். லைசென்ஸ், சீட்டு, பொய், எல்லாம்.

அவள் அடுப்பை அணைத்தாள். “ஆணி குத்துனதாலதான்னு இத்தினி நாளா நெனச்சுகினு இருந்தேன்” என்றாள். தட்டால் மீனை மூடிவைத்துவிட்டு, “ரைட்டரு எழுதுனா தப்பே வராதும்மான்னு அப்பா சொல்லுவாரு” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், இன்றைக்கே மாத்திரையைப் போட ஆரம்பி என்றேன். தலையாட்டினாள். வாசல்வரை வந்தாள். நடை பழகிய நாளிலிருந்து என்னை மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்ட பிள்ளை.

“சரிங்க, திங்கக்கெழம வரேன்” என்றாள்.